குயில் போர்வை

டெய்லரக்காவுக்கு ஒரு வியாதி உண்டு. அதற்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. கோணல் தையலைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது.

பஸ்ஸில் முன் சீட்டுக்காரரின் காலர் பிரிந்திருந்தால் போதும், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும் அந்தக் காலரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருமுறை ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கோட்டுத் தோளில் நூல் ஒன்று தொங்கியது. எல்லோரும் போட்டோவுக்கு நிற்கிற நேரம். கத்தரிக்கோல் கையில் இல்லை. இவள் விறுவிறுவென்று மேடை ஏறிப் பல்லாலேயே அதைக் கடித்து எடுத்துவிட்டாள். கேமராக்காரர் சரியாக அந்த நேரம் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டார். மாப்பிள்ளையின் தோளைக் கடிக்கிற அந்தப் பெண் யார் என்று அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் கேட்கிறார்களாம்.

இப்படிப்பட்டவளுக்கு நாத்தனாராக வாய்த்தவள் ஒரு நர்ஸ். ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவள். குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் போட்டு முடித்துவிடுவாள் என்று ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல பெயர். ஆனால் அதே கையில் நூல் கோத்த ஊசியைக் கொடுத்தால் கதை கந்தல். ஒரு தையல் எறும்பு மாதிரி இருக்கும், அடுத்தது யானை மாதிரி இருக்கும். மூன்றாவது எந்தப் பக்கம் போயிற்று என்று தேட வேண்டியிருக்கும்.

அண்ணியும் நாத்தனாரும் என்றதும் நீங்கள் சண்டையை எதிர்பார்ப்பீர்கள். அது இங்கே இல்லை. டெய்லரக்கா கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டவர்கள்தான். ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே குடையில் நனைந்து, ஒருத்தி புருஷனை இன்னொருத்தியும் சேர்ந்து திட்டி வளர்ந்த சிநேகம். "இந்த வீட்டுல நான்தான் வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்" என்று டெய்லரக்காவின் வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வார். தன் தங்கை தன்னைப் பார்க்க வருவதே இல்லை, தன் பெண்டாட்டியைப் பார்க்கத்தான் வருகிறாள் என்பது அவர் வழக்கு.

வீட்டின் முன்னறைதான் தையல்கடை. பள்ளிக்கூட யூனிபார்ம்தான் பெரும்பாலும். இரண்டு மெஷின், சுவரில் தொங்கும் அளவுக் காகிதங்கள், நடுவில் நான்கு பேர் படுக்கலாம் போல ஒரு வெட்டுமேசை. சனிக்கிழமை மதியம் ஆனால் ஷட்டர் பாதி இறங்கும். மேசையைத் துடைத்துவிட்டு, சுற்றிலும் ஸ்டூல் போட்டு, துண்டுத் துணிகளை மூட்டையிலிருந்து கொட்டுவார்கள். அன்றைக்குச் சம்பாத்தியத் தையல் கிடையாது. ஒட்டுத்துணிப் போர்வை, பை, தலையணை உறை, யாருக்காவது பிறக்கப்போகிற குழந்தைக்குத் தொப்பி, இப்படி ஆசைத் தையல் மட்டும்தான்.

வழக்கமாக வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருத்தி பஸ் ஓட்டுகிறவள். எல்லோரும் அவளை டிரைவர் என்றே கூப்பிடுவார்கள். வாரம் முழுக்க ஹாரன் அடித்த கைக்குச் சத்தமில்லாத வேலை வேண்டும் என்று வருகிறாள், ஆனால் அவள் வாய் மட்டும் ஹாரனை விடாது. இன்னொருத்தி கணக்கு டீச்சர். முக்கோணத் துண்டை வெட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் யோசிப்பாள். அப்புறம் தப்பாக வெட்டுவாள். நர்ஸுக்கு ட்யூட்டி இல்லாத சனிக்கிழமைகளில் அவளும் வருவாள். துணி அடுக்குவாள், டீ போடுவாள், ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைப்பாள். தைக்க மட்டும் மாட்டாள்.

வீட்டுக்காரருக்கு இஸ்திரி போடும் பதவி. டீச்சர் ஒருநாள் ஒட்டுத்துணிப் போர்வைக்குக் 'குயில்ட்' என்று பெயர் சொல்ல, அவர் காதில் அது குயில் என்று விழுந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் போர்வைக்குப் பெயர் குயில்தான். "குயில் ரெடியா? இஸ்திரி சூடாயிருச்சு" என்று குரல் கொடுப்பார்.

நர்ஸின் ஒரே மகளுக்கு வீட்டில் வைத்த பெயர் வாலு. சின்ன வயதில் அவள் ஏறாத மரம் இல்லை, உடைக்காத ஜன்னல் இல்லை. அந்த வாலு இப்போது படித்து மாட்டு டாக்டர் ஆகிவிட்டாள். முதல் வேலை மலைமேல் ஓர் ஊரில். அங்கே குளிர் என்றால் அப்படியொரு குளிராம். மாடே கம்பளி கேட்குமாம். செய்தி வந்த சனிக்கிழமையே, அவளுக்கு ஒரு குயில் தைத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

வாலுவின் பழைய பள்ளி கவுன், நர்ஸின் நீல யூனிபார்ம், டிரைவரின் காக்கிச் சட்டை, டீச்சர் வீட்டு ஜன்னல் திரை எல்லாம் மேசைக்கு வந்தன. வாலுவுக்கு மாமாவான வீட்டுக்காரரின் கட்டம்போட்ட சட்டை ஒன்றும் வந்தது. அவர் அதை அலமாரியில் தேடிக்கொண்டிருக்கும்போதே அது பன்னிரண்டு சதுரமாகிவிட்டது. அது பழசு இல்லை என்று அவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. மேல்துணியை மெஷினில் இணைத்து, நடுவில் பஞ்சு விரித்து, அடித்துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துக் கையால் ஓட்டுத் தையல் போட வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம் என்று டெய்லரக்கா சாக்பீஸால் கோடு போட்டாள்.

அப்போதுதான் நர்ஸ் டீ தம்ளரைக் கீழே வைத்தாள்.

"தலைமாட்டுப் பக்கத்தை எனக்குக் குடுங்க அண்ணி. அவ மூஞ்சிகிட்ட வர்ற இடம் நான் தச்சதா இருக்கட்டும்."

டிரைவர் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவள் நர்ஸின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். டெய்லரக்கா உடனே தன் நல்ல ஊசி ஒன்றை எடுத்து நூல் கோத்துக் கொடுத்தாள். அந்த நிமிஷத்தில் அவள் மனசில் ஒரு கள்ளமும் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்று மாலைக்குள் நர்ஸ் ஒரு வரி தைத்து முடித்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்துத் தைத்தாள். அந்த வரி டெய்லரக்கா போட்ட கோட்டின் மேலே ஏறி, கீழே இறங்கி, நடுவில் ஓர் இடத்தில் கோட்டைக் கைவிட்டே போய், ஒருவழியாக மறுமுனைக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் நல்லாயிருக்கு என்றார்கள். டெய்லரக்காவும் நல்லாயிருக்கு என்றாள்.

மறுநாள் காலையில் காபியோடு மேசைப் பக்கம் வந்தவளின் கண்ணில் அந்த வரி பட்டது. பார்க்காத மாதிரி போனாள். திரும்பி வந்தாள். ஒரே ஒரு தையல், அந்த யானைத் தையலை மட்டும் சரி செய்துவிடலாம் என்று நூல்வெட்டியை எடுத்தாள். யானையை எடுத்ததும் பக்கத்து எறும்பு அசிங்கமாகத் தெரிந்தது. காபி ஆறிப்போய் ஆடை கட்டியது. வீட்டுக்காரர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்து வந்தபோது மொத்த வரியும் பிரிந்து கிடந்தது. டெய்லரக்கா அரிசி பரப்பினாற்போல் புதுத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து பார்த்தார். "குயில் வேலைதான் பார்க்குற" என்றார். "அடுத்தவ கூட்டுல உன் முட்டைய வைக்கிற."

"நல்லதுக்குத்தான் பண்றேன். அந்தப் பிள்ளை இதை வாழ்நாள் பூரா போர்த்தணும்ல?"

"குயிலும் அப்படித்தான் சொல்லும்."

வெளியே மூச்சு விட்டால் இனி அவர் சட்டைக்குப் பட்டன் தைக்கிற ஆள் இந்த வீட்டில் இல்லை என்று மிரட்டி வைத்தாள். மனுஷர் மறுபடி பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

அடுத்த சனிக்கிழமை நர்ஸ் வந்தாள். போர்வையை விரித்தாள். தன் வரியைப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இது நான் தச்சதா என்று டெய்லரக்காவிடம் கேட்டாள். சொல்லிவிட அதுதான் நேரம். சொல்லிச் சிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். ஆனால் அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டாள், அட, கை வந்துடுச்சே உனக்கு என்று. டீச்சர் அளவுகோலை வைத்துப் பார்த்துப் பாராட்டினாள். அன்றைக்கு அவசரத்தில் கோணலாகத் தெரிந்தது, இப்போது பார்த்தால் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று நர்ஸே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டாள். டெய்லரக்கா வந்த வார்த்தையை மென்று விழுங்கினாள்.

அப்புறம் நிறுத்த முடியுமா? இரண்டாவது வரி முதல் வரியைவிட மோசமாக இருந்தது, ஏனென்றால் இப்போது தைரியம் வந்துவிட்டது. ஞாயிறு காலையில் அதுவும் பிரிந்தது. மூன்றாவதும் அப்படியே. முதல் வரி ஒழுங்காகவும் இரண்டாவது கோணலாகவும் இருந்தால் சந்தேகம் வராதா என்று டெய்லரக்கா தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். கள்ளத்தனத்துக்கு நியாயமா பஞ்சம்!

நர்ஸுக்கோ தலைகால் புரியவில்லை. சொந்தமாக விரலுக்கு ஓர் உறை வாங்கிக்கொண்டாள். நூலை இப்படி இழுக்கக் கூடாது என்று டிரைவருக்குப் பாடம் எடுத்தாள். டீச்சர் மடித்த மூலையைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பிரசவ வார்டில் இருக்கிற அம்மாக்களுக்குத் தையல் வகுப்பு எடுக்கப்போவதாக மேட்ரனிடம் சொல்லி, மேட்ரனும் ஓர் அறையை ஒதுக்கிவிட்டாராம். அதைக் கேட்ட அன்று டெய்லரக்கா தன் விரலிலேயே ஊசியைக் குத்திக்கொண்டாள். முப்பது வருஷத் தொழிலில் அது அபூர்வம்.

ஒவ்வொரு வாரமும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் இரவு ட்யூட்டி முடித்து, கால் வீங்கி, கண் சொருகி வருகிற நாத்தனார், அந்த வரிகளைப் பார்த்ததும் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்காருவாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? நான்காவது வரி தைத்த அன்று டீச்சரும் டிரைவரும் போன பிறகு, நர்ஸ் செருப்பு மாட்டிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்.

"எனக்குக் கை வராதுன்னு சின்ன வயசுலேர்ந்து எல்லாரும் சொல்லி நானும் நம்பிட்டேன் அண்ணி. நீங்க ஒருத்தங்கதான் நம்பி என்கிட்ட ஊசியக் குடுத்தீங்க."

டெய்லரக்கா ஏதோ பதில் சொன்னாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரியாது. அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஞாயிறு காலையில் நான்காவது வரியையும் பிரித்தாள். அவளை என்ன செய்வது? எனக்கே அவளை இரண்டு சாத்துச் சாத்தலாம் என்றுதான் இருக்கிறது.

கடைசிச் சனிக்கிழமை வந்தது. மறுநாள் காலை வாலுவுக்கு ரயில். எல்லோரும் முன்னறையில் கூடினார்கள். மாமா இஸ்திரி போட்டு, மடித்து, தானே தைத்த மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். வாலு அதை வாங்கி விரித்துத் தலையோடு கால் போர்த்திக்கொண்டு முன்னறை முழுக்க ஒரு சுற்று நடந்தாள். அந்த வெயில் நாளில் வியர்வை வழிந்தது. கழற்றத்தான் மனசு வரவில்லை. ஒவ்வொரு துண்டையும் அடையாளம் சொன்னாள். இது என் கவுன், இது அம்மா யூனிபார்ம், இது அந்தத் திரை, நான் பந்தடிச்சுக் கிழிச்சது. கட்டம்போட்ட துணியைத் தொட்டதும் மாமா தொண்டையைக் கனைத்தார். அது பழசில்லை என்று அவருக்கு முந்தி எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

பிறகு அவள் தரையில் உட்கார்ந்து போர்வையை மடியில் போட்டு, ஓரம் ஓரமாகப் பார்க்க ஆரம்பித்தாள். டிரைவர் தைத்தது எது, டீச்சர் தைத்தது எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். மறுபடி திருப்பினாள்.

"அம்மா, நீ தைக்கவே இல்லையா?"

நர்ஸ் இதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தாள். கையைக் கட்டிக்கொண்டு, அலட்சியமாக, தலைமாட்டுப் பக்கம் பார்க்கச் சொன்னாள். அந்த நாலு வரியும் யார் தைத்தது என்று நினைக்கிறாய் என்றாள்.

வாலு பார்த்தாள். சிரித்தாள். "மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவ காதுலயே பூ சுத்துறியாம்மா? இது அத்தை தையல். உன் தையல் எனக்குத் தெரியாதா?"

அவள் கேலியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுக் கதையும் சொன்னாள். ஐந்தாம் வகுப்பில் கிழிந்த சட்டைப் பையை அம்மா ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தாளாம், பையோடு சேர்த்துப் பையின் வாயையும் தைத்து. கல்லூரி விடுதியில் துணியெல்லாம் கலந்துபோனால், எல்லோரும் பெயர் தேடுவார்கள், இவள் மட்டும் அம்மா தைத்த பட்டனைத் தேடுவாளாம். நூல் மலை மாதிரி குவிந்திருந்தால் அது தன் சட்டை. வீட்டு ஞாபகம் வருகிற நாளில் அந்த மலையைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே படுத்திருப்பாளாம். இந்தப் போர்வையிலும் அப்படி ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தான் தேடினாளாம்.

நர்ஸின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. மகள் நம்பவில்லையே என்ற கோபம் ஒரு பக்கம், தன் பட்டன் கதை கேட்ட நெகிழ்ச்சி ஒரு பக்கம். அவள் திரும்பினாள்.

"அண்ணி, நீங்களே சொல்லுங்க இவகிட்ட. யார் தச்சதுன்னு."

அறையில் எல்லோரும் டெய்லரக்காவைப் பார்த்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். உங்க அம்மாதான் தச்சா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நர்ஸ் ஜெயித்துவிடுவாள், வகுப்பு நடக்கும், வீடு சிரிக்கும். வாலு மட்டும் யாருடைய தையலையோ அம்மாவின் தையல் என்று மலைக்கு எடுத்துக்கொண்டு போவாள். டெய்லரக்கா அந்தப் பெண்ணின் கட்டை விரலைப் பார்த்தாள். அது இன்னும் அந்த ஒழுங்கான வரியின் மேல் எதையோ தேடிக்கொண்டிருந்தது.

"உங்கம்மா தச்சாம்மா. நாலு வரியும் தச்சா" என்றாள். "நான்தான் பிரிச்சுட்டு மறுபடி தச்சேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும்."

நர்ஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்தாள்.

"முதல் வரியிலேர்ந்தா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"முதல் வரியிலேர்ந்து."

"அப்போ எனக்குக் கை வந்ததுன்னு நினைச்சது?"

நர்ஸ் எழுந்து உள்ளே போனாள். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. போய்விடுவாள், பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடுவாள், இனி சனிக்கிழமை வரமாட்டாள் என்று டெய்லரக்கா உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷச் சிநேகத்தைத் தன் கையாலேயே பிரித்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

நர்ஸ் வந்தாள். முழங்கை வரை கழுவிய கை ஈரத்தோடு வந்து, மகள் மடியிலிருந்த போர்வையை எடுத்து மேசையில் விரித்தாள். மேசையிலிருந்து நூல்வெட்டியை எடுத்தாள். டெய்லரக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முதல் வரியின் முனையில் இருந்த முடிச்சை வெட்டி, நூலைப் பிடித்து இழுத்தாள்.

சர்ரென்று வந்தது. பாதி வரிக்குப் போட்ட நூல் ஒரே இழுப்பில், ஒரு தடங்கல் இல்லாமல், கையோடு வந்துவிட்டது. நர்ஸ் அந்த நூலையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

டிரைவருக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "இவ்வளவுதானா அக்கா உங்க தையல்? பஸ் குலுக்கலுக்கே வந்துரும் போல இருக்கே."

நேர்த் தையல் முடிச்சு போனால் அப்படித்தான் வரும் என்று டெய்லரக்கா முனகினாள். இவள் தையலும் இப்படித்தான் வந்ததா என்று டீச்சர் கேட்டாள். கணக்கு டீச்சர், கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

"அதை ஏன் கேக்குறீங்க டீச்சர்" என்றாள் டெய்லரக்கா. சொல்லச் சொல்ல அவளுக்கே அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் எரிச்சல் திரும்பி வந்தது. "ஒரு வரியப் பிரிக்க ஒரு காலைப்பொழுது போச்சு. முடிச்சுக்கு மேல முடிச்சு, அதுக்கு மேல ஒரு முடிச்சு. பல்லால கடிச்சும் அசையல. ஒவ்வொரு தையலையும் தனித்தனியா வெட்டி எடுத்தேன். நகம் பேந்துருச்சு. என்ன பாவத்துக்கு இப்படிக் கட்டினாளோ!"

நர்ஸ் மகளைப் பார்த்துப் பதில் சொன்னாள். "பின்ன? காயத்துக்குக் கட்டுற கை. அவுந்தா ஆள் போயிருவான்."

வாலு முதலில் சிரித்தாள். அப்புறம் டீச்சர். மாமா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வகுப்பில் முடிச்சுப் பாடத்தை நீ எடு, மீதியை உன் அண்ணி எடுக்கட்டும் என்று டிரைவர் தீர்ப்புச் சொன்னாள். ஆனால் நர்ஸ் சிரிக்கவில்லை. நாலு வரியையும் சரசரவென்று உருவிப் போட்டுவிட்டு, ஊசியை எடுத்துத் தானே நூல் கோத்து, தைக்க உட்கார்ந்தாள். ஊசி எறும்பாகவும் யானையாகவும் நடந்தது. பக்கத்தில் உட்கார்ந்த வாலு, ஒவ்வொரு யானைக்கும் ஒரு கைதட்டல் கொடுத்தாள்.

அந்த மதியம் முழுக்க நர்ஸ் எல்லோரிடமும் பேசினாள். டிரைவரிடம் டீ கேட்டாள், டீச்சரிடம் கத்தரி கேட்டாள், அண்ணனிடம் மின்விசிறியைக் கூட்டச் சொன்னாள். ஒருத்தியிடம் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. டெய்லரக்கா எதிர் ஸ்டூலில், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, அந்தக் கோணல் தையல்கள் ஊர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோணல் அவள் கண்ணை உறுத்தவில்லை. அண்ணி என்று அந்த வாய் ஒருமுறை கூப்பிடாதா என்பதுதான் உறுத்தியது.

மூன்று வரி முடிந்தது. நர்ஸ் விரல்களை உதறிவிட்டு, நாலாவது வரியைக் காட்டி, ஊசியை மேசைக்குக் குறுக்கே நகர்த்தினாள்.

"இதை இவங்க தைக்கட்டும்" என்று மகளிடம் சொன்னாள். "ஆனா நான் தைக்கிற மாதிரி தைக்கணும். அதுதான் தண்டனை."

டெய்லரக்கா பாய்ந்து ஊசியை எடுத்தாள். இது என்ன பெரிய வேலை? கண்ணை மூடிக்கொண்டு தைத்தால் கோணல் தானாக வரப்போகிறது. கோட்டுக்கு மேலே ஒன்று குத்தினாள், கீழே ஒன்று குத்தினாள். பெரிதாக ஒன்று, சின்னதாக ஒன்று. மூச்சைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு சாண் தூரம் தைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, பெரிது, சிறிது, மேலே ஒன்று, கீழே ஒன்று, பெரிது, சிறிது. பெரிதெல்லாம் ஒரே பெரிது. சிறிதெல்லாம் ஒரே சிறிது. கோடு போட்டு வரைந்த மாதிரி அழகாக வளைந்து வளைந்து போயிருந்தது. டீச்சர் அளவுகோலை வைத்துப் பார்த்து, நூல் பிசகில்லை என்று அறிவித்தாள்.

டெய்லரக்கா அதைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள். இன்னும் அழகாக வந்தது. அவள் இடது கைக்கு ஊசியை மாற்றினாள். இடது கையும் அவள் கைதானே? அது நிதானமாக, இன்னும் சீராகத் தைத்தது. நெற்றியில் வியர்வை வழிய, கண்ணில் நீர் முட்ட, தைக்கத் தெரியாமல் அவள் தவித்ததை அந்த அறை அதற்கு முன் பார்த்ததில்லை.

நர்ஸ் முதலில் உதட்டை இறுக்கிக்கொண்டு பார்த்தாள். பிறகு தோள் குலுங்கியது. பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, மூச்சு முட்ட, கண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்து, எழுந்து சுற்றி வந்து, அவள் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"விடுங்க அண்ணி. உங்களுக்குக் கை வராது."

டெய்லரக்கா அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அவள் சேலையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள், சிரித்தாள், இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். நர்ஸ் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அப்படியே நின்றபடி நாலாவது வரியைத் தைக்க ஆரம்பித்தாள்.